குட்டியோட சேர்ந்து பாடுறதும் ஆடுறதும்: வீட்லயே எப்படி பண்றது

போன்ல பாட்டை போட்டு குழந்தை முன்னாடி வெச்சுட்டு நாம நம்ம வேலையை பாக்குறது ஒரு விஷயம், நாமளே கீழ உக்காந்து அதுகூட சேர்ந்து பாடுறது வேற விஷயம், ரெண்டையும் மியூசிக் டைம்னு ஒரே பேர்ல சொல்லிட்டு இருக்கோம். ஸ்பீக்கர் குழந்தையை பாக்காதுங்க. குழந்தை கைய ஆட்டுனா அதுக்காக வேகத்தை குறைக்காது, ஒரு வரிக்கு கெக்கெக்கேன்னு சிரிச்சா அந்த வரியை இன்னொரு தடவை பாடாது, கண்ணு சொக்குதுன்னா சத்தத்தை இறக்காது. இதெல்லாம் நீங்க பண்ணுவீங்க, யோசிக்காமலே பண்ணுவீங்க. பிறந்த குழந்தைலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் எப்படி பாடலாம் எப்படி ஆடலாம், எதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்கு தெரிஞ்சதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல இந்த "எனக்கு பாடவே வராதே" பேச்சை எடுத்து ஓரமா வெச்சிடுங்க. வயித்துக்குள்ள இருக்குறப்பவே கடைசி மூணு மாசத்துல குழந்தைக்கு வெளிச்சத்தம் கேக்க ஆரம்பிச்சிடும், அதுல அதிகமா கேக்குறது அம்மா குரல்தான். 1980ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைங்க வாயில சூப்பான் மாதிரி ஒண்ணை குடுத்து, அது சப்புற விதத்தை வெச்சு அம்மா குரல் இல்லன்னா வேற ஒரு பொண்ணு குரல் கேக்குற மாதிரி ஏற்பாடு பண்ணாங்க, குழந்தைங்க அம்மா குரல் வர்ற மாதிரியே சப்புறதை மாத்திக்கிட்டாங்க. அந்த அம்மாங்க யாரும் பாடகி கிடையாது. சுருதி சேருதா, ராகம் சரியான்னு மார்க் போடுறதுக்கு அங்க யாரும் உக்காந்திருக்கல. உங்க குரல்ங்கிறதுதான் அதுக்கு பெரிய விஷயம். அப்பா, தாத்தா, பாட்டி, சித்தி, மாமான்னு யார் அடிக்கடி தூக்குறாங்களோ அவங்க குரலும் சீக்கிரமே பழகிடும், அதனால பாடுற வேலையை அம்மா தலையில மட்டும் கட்டாதீங்க.

பாட்டுக்கு பேச்சைவிட எவ்ளோ பலம்னு காட்டுற இன்னொரு ஆராய்ச்சி இருக்கு. மான்ட்ரியல்ல ஆறு மாசம் தாண்டின, இன்னும் ஒரு வயசு ஆகாத குழந்தைங்களுக்கு அவங்களுக்கு சுத்தமா தெரியாத மொழியில ரெக்கார்ட் பண்ண பாட்டையும் பேச்சையும் போட்டு விட்டு, எவ்ளோ நேரத்துல சிணுங்குறாங்கன்னு பாத்தாங்க. பேச்சுக்கு சராசரியா நாலு நிமிஷம், பாட்டுக்கு 9 நிமிஷம். ஆள் முகம் தெரியாம, பாஷை புரியாம, வெறும் ரெக்கார்டிங்குக்கே இப்படின்னா, மடியில வெச்சு முகத்தை பாத்து பாடுனா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

எப்ப பாடுறது? தனியா நேரம் ஒதுக்குறேன்னு ஆரம்பிச்சா ரெண்டு நாள் நடக்கும், மூணாவது நாள் விட்டுப்போயிடும். அதுக்கு பதிலா எப்படியும் தினமும் நடக்குற வேலைங்க மேல பாட்டை ஏத்தி விடுங்க. டயப்பர் மாத்துறப்ப ஒண்ணு, குளிக்கிறப்ப ஒண்ணு, சட்டை போடுறப்ப ஒண்ணு, பொம்மை எடுத்து வைக்கிறப்ப ஒண்ணு, தூங்க வைக்கிறப்ப ஒண்ணு. புது பாட்டு தேட வேணாம், உங்களுக்கு நல்லா பழக்கமான ஏதாவது மெட்டை எடுத்து "கை எங்க கை எங்க, சட்டைக்குள்ள காணோமே, வந்துடுச்சு வந்துடுச்சு, விரல் அஞ்சும் வந்துடுச்சு"ன்னு வாயில வர்றதை போட்டு பாடுங்க. அதே வேலைக்கு அதே பாட்டுன்னு வெச்சா கொஞ்ச நாள்ல குழந்தைக்கு பாட்டை கேட்டாலே அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சிடும், குளியல் பாட்டு ஆரம்பிச்சா காலை உதைக்கும், தூக்கப் பாட்டு ஆரம்பிச்சா தோள்ல தலையை சாய்க்கும். ஒரு வேலைய விட்டு இன்னொரு வேலைக்கு போறப்ப வர்ற அழுகை இதனாலயே பாதி குறையுறதை நான் நிறைய வீட்ல பாத்திருக்கேன்.

பாட்டுல குழந்தையோட பேரை வெச்சுக்கங்க. பேரை தட்டித் தட்டி சொல்றதும் நல்ல விளையாட்டு, மூணு எழுத்து பேர்னா "தகிட", நாலுன்னா "தகதிமி", தொடையில தட்டிக்கிட்டே சொல்லுங்க, கொஞ்சம் வளர்ந்ததும் அதுவே எல்லார் பேரையும் தட்ட ஆரம்பிச்சிடும்.

இப்ப இதுல எல்லாத்தையும்விட முக்கியமான ஒண்ணு, இடைவெளி விடுறது. நாம பெரியவங்க பாட்டை ஆரம்பிச்சா நிறுத்தாம முடிச்சுட்டுதான் மூச்சு விடுவோம். அப்படி பண்ணா குழந்தைக்கு உள்ள வர இடமே இல்ல. ஒரு வரி பாடி நிறுத்துங்க, முகத்தை பாருங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, சின்ன குழந்தைன்னா பத்துகூட எண்ணலாம். நாலு மாச குழந்தைன்னா ஒரு காலை உதைக்கும், இல்ல "ஆ"ன்னு ஒரு சத்தம் குடுக்கும், அதுதான் அதோட முறை, அதை வாங்கிக்கிட்டு அடுத்த வரிக்கு போங்க. ஒன்றரை வயசுக்கு மேல வரியோட கடைசி வார்த்தையை விட்டுடுங்க, "விரல் அஞ்சும்..." அப்படின்னு நிறுத்தி கண்ணை விரிச்சு பாத்தீங்கன்னா அது "ந்துச்சு"ன்னு எதையோ சொல்லும், சரியா சொல்லணும்னு இல்ல, திருத்தாதீங்க, சந்தோஷமா சேர்ந்து சொல்லிட்டு போங்க. பேச்சு மெதுவா வர்ற குழந்தைங்ககூட இந்த இடத்துல வாயை திறக்கும். அமைதியா காத்திருக்குறது நமக்கு சங்கடமா இருக்கும், ஆனா அந்த காத்திருப்புலதான் பாதி விஷயமே நடக்குது.

வேகம் பத்தி ஒரு வார்த்தை. சின்ன குழந்தைங்களுக்கு இயல்பா வர்ற தாளம் பெரியவங்களோடதைவிட வேகம், நாலு வயசு குழந்தைகிட்ட "உனக்கு பிடிச்ச மாதிரி தட்டு"ன்னு சொன்னா நம்மளைவிட வேகமாத்தான் தட்டும். அதனால "மெதுவா தட்டு, என்னை பாத்து தட்டு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க அதோட வேகத்துக்கு போங்க. அது தட்டுறதுக்கு ஏத்த மாதிரி நீங்க பாடுனா அப்புறம் நீங்க கொஞ்சம் குறைச்சா அதுவும் குறைக்க முயற்சி பண்ணும். குரலும் அப்படித்தான், குழந்தை குரல் நம்ம குரலைவிட மேல இருக்கும், நாம வழக்கமா பாடுற கீழ் சுருதியில அதுக்கு எட்டாது, சேர்ந்து பாடணும்னா கொஞ்சம் தூக்கி பாடுங்க, நாலஞ்சு ஸ்வரத்துக்குள்ள சுத்துற சின்ன மெட்டா எடுங்க. ரொம்ப மேலயும் கீழயும் போற பாட்டெல்லாம் கேட்டு ரசிக்கலாம், கூட பாட வராது.

ஆட்டத்துக்கு வருவோம்

ஆறு மாசத்துக்குள்ள ஆட்டம்னா தூக்கி வெச்சுக்கிட்டு அசையுறதுதான். தலையையும் கழுத்தையும் கையால தாங்கிக்கிட்டு, நெஞ்சோட அணைச்சு, பாட்டுக்கு ஏத்த மாதிரி இடமும் வலமும் மெதுவா அசைங்க, முட்டியை லேசா மடக்கி எழுங்க, அவ்ளோதான். குலுக்கவே கூடாது, தூக்கிப்போட்டு பிடிக்கவும் கூடாது, விளையாட்டுக்குக்கூட வேணாம். கழுத்து நிக்காத குழந்தையை வேகமா குலுக்குனா மூளைக்குள்ள ரத்தக்கசிவு வர்ற அளவுக்கு ஆபத்து. உங்க கோபமோ களைப்போ ஏறுற நேரத்துல ஆட்ட வேணாம், குழந்தையை தொட்டில்ல பத்திரமா படுக்க வெச்சுட்டு வெளிய போய் நாலு மூச்சு விட்டு வாங்க.

குழந்தையை தூக்கி அசைக்கிறது வெறும் சமாதானப்படுத்துறது மட்டும் இல்ல. 2005ல கனடாவுல ஏழு மாச குழந்தைங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. எந்த இடத்துலயும் அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தை எல்லாருக்கும் போட்டு, பாதி குழந்தைங்களை ரெண்டு தட்டுக்கு ஒரு தடவை அசைச்சாங்க, மீதிப் பேரை மூணு தட்டுக்கு ஒரு தடவை அசைச்சாங்க. அப்புறமா அழுத்தம் வெச்ச தாளத்தை கேக்க வெச்சப்ப, எப்படி அசைஞ்சாங்களோ அந்த மாதிரி தாளத்தையே அதிக நேரம் கேட்டாங்க. அதாவது குழந்தை காதால மட்டும் பாட்டு கேக்குறதில்ல, உடம்பாலயும் கேக்குது. நீங்க தூக்கி ஆடுறப்ப தாளத்தை அதோட உடம்புக்குள்ள வெக்கிறீங்க. இதை ஸ்பீக்கர் பண்ணாது.

தானா நிக்க ஆரம்பிச்சதும் பாட்டு கேட்டா முட்டியை மடக்கி மடக்கி குதிக்கும் பாருங்க, அது தாளத்துல இருக்காது, இருக்கணும்னு எதிர்பாக்கவும் வேணாம். 2010ல வந்த ஆராய்ச்சியில 5 மாசத்துலேர்ந்து 2 வயசு வரைக்கும் குழந்தைங்களை பாத்ததுல பேச்சைவிட இசைக்குதான் அதிகமா அசைஞ்சாங்க, அசைவு தாளத்தோட ஒத்துப்போகப்போக சிரிப்பும் அதிகமாச்சு. அதனால கையை பிடிச்சு "இப்படி தட்டு, ஒண்ணு ரெண்டு"ன்னு பழக்கிக்கிட்டு இருக்காதீங்க, அதுவா வரும். சில குழந்தைங்க பாட்டு போட்ட உடனே ஆடாம அப்படியே உறைஞ்சு போய் பாக்கும், அது பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல, கேக்குது.

வெறும் காலோட ஆட விடுங்க, சாக்ஸ் வழுக்கும். தரை ஈரம் இல்லாம இருக்கணும், மேஜை முனை பக்கத்துல இருந்தா நகர்த்திடுங்க. இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது, குழந்தையோட ரெண்டு கையை மட்டும் பிடிச்சு தூக்குறது, சுத்துறது, ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது வேணவே வேணாம். ஒண்ணுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் முழங்கை மூட்டுல எலும்பு லேசா இழுத்தாலே நழுவிடும், திடீர்னு அழுதுட்டு அந்த கையை மட்டும் அசைக்காம தொங்க விட்டுச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க, நீங்களா திருப்பிப் பாக்காதீங்க. சுத்தணும்னா அக்குள்ல பிடிச்சு உடம்போட அணைச்சு சுத்துங்க.

என்ன ஆடுறதுன்னு தெரியலைன்னா இதுதான் ஆரம்பம்: அதை பாத்து நீங்க ஆடுங்க. அது கையை தூக்குனா நீங்களும் தூக்குங்க, உக்காந்தா உக்காருங்க, தலையை ஆட்டுனா ஆட்டுங்க. கொஞ்ச நேரத்துல "அட, நான் பண்றதை இவங்க பண்றாங்களே"ன்னு அதுக்கு புரியுற அந்த நொடியில முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே பண்ணலாம். அப்புறம் வேணும்னே புதுசு புதுசா ஏதாவது பண்ணி உங்களை பாக்கும். இந்த சேர்ந்து அசையுறதுக்கு ரொம்ப ஆழமான பலன் இருக்கு. 2014ல பண்ண ஒரு சோதனையில 14 மாச குழந்தைங்களை ஒருத்தர் தூக்கி பாட்டுக்கு அசைச்சாங்க, எதிர்ல முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் நின்னு அசைஞ்சாங்க. குழந்தையோட ஒரே நேரத்துல அசைஞ்சவங்க அப்புறம் ஒரு பொருளை கீழ போட்டப்ப, குழந்தை அதை எடுத்து குடுக்குறது அதிகமா நடந்துச்சு, தாளம் மாறி அசைஞ்சவங்களுக்கு அவ்ளோ இல்ல. தெரியாத ஆளுக்கே இப்படி.

மூணு வயசுக்கு மேல நிறுத்துற ஆட்டம் சூப்பரா போகும். பாட்டு ஓடுறப்ப ஆடணும், நின்னா சிலை மாதிரி நிக்கணும். ரெண்டு வயசுல நிக்க முடியாது, அதுக்கு இன்னும் உடம்பை அடக்குற அளவுக்கு மூளை வளரல, சிரிச்சுட்டு விட்டுடுங்க. நாலு வயசுல தானா நிக்கும். அதே ஆட்டத்தை மெதுவா வேகமா, சத்தமா ரகசியமா, யானை மாதிரி எறும்பு மாதிரின்னு மாத்தி மாத்தி ஆடலாம். மெல்லிசான துணி ஒண்ணு கையில குடுத்தா நீளமான இசைக்கு கையை நீட்டி ஆட்டும், கழுத்துல சுத்தாம மட்டும் கூடவே இருந்து பாத்துக்கங்க. உலக சுகாதார நிறுவனம் 1லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிஷமாவது உடம்பு அசையணும்னு 2019ல சொல்லியிருக்கு, ஆட்டமும் அதுல சேர்த்திதான். அதே வழிகாட்டுதல்ல ஒரு வயசு குழந்தைக்கு ஸ்க்ரீனே வேணாம், ரெண்டுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னும் இருக்கு. அதனால பாட்டு வேணும்னா போடுங்க, போனை கவுத்து வைங்க. படம் ஓடுனா ஆட்டம் நின்னுடும், நீங்களே கவனிச்சிருப்பீங்க.

தட்டுற சாமானுக்கு காசு செலவு பண்ண வேணாம். பாத்திரம், மூடி, மரக்கரண்டி, அட்டைப்பெட்டி போதும். ரெண்டு பேர் கையிலயும் ஒவ்வொண்ணு இருக்கணும், அதுதான் ரூல். ரெண்டரை வயசு குழந்தைங்களை தாளம் போட வெச்சு 2009ல பாத்தாங்க, ஒரு மெஷின் தட்டுறதோட சேர்ந்து தட்டுனதைவிட எதிர்ல ஒரு ஆள் உக்காந்து தட்டுனப்ப ரொம்ப நல்லாவே சேர்ந்து தட்டுனாங்க. நீங்க எதிர்ல உக்காரணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு காரணம் இதுதான். குலுக்குற டப்பா வீட்ல செஞ்சா மூடியை நல்லா பசை போட்டு ஒட்டி மேல டேப்பும் சுத்துங்க, உள்ள இருக்குற மணியோ கல்லோ வெளிய வந்தா நேரா வாய்க்குதான் போகும். பாட்டு பாடுற பொம்மைங்கள்ல பட்டன் பேட்டரி இருக்கும், அதோட மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமா இருக்கான்னு பாருங்க, முழுங்கிட்டா உணவுக்குழாயை சில மணி நேரத்துல அரிச்சிடும், சந்தேகம் வந்தாலே உடனே ஹாஸ்பிடல்.

சத்தம். நீங்க சாதாரணமா பேசுறது பக்கத்துல இருக்குறவங்களுக்கு கேக்கலைன்னா பாட்டு அதிகம்னு அர்த்தம், இந்த ஒரு கணக்கு போதும். குழந்தைங்க காதுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்குறதா இருந்தா 75 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. சின்ன காதுங்கிறதால பொம்மையை காதுகிட்ட வெச்சு கேக்க விடாதீங்க, ஸ்பீக்கர் அறையோட அந்தப் பக்கம் இருக்கட்டும். சில குழந்தைங்க கொஞ்சம் சத்தத்துக்கே காதை பொத்தும், அழும், "இதுகூட சத்தமா"ன்னு கேக்காதீங்க, குறைச்சிடுங்க, முனகி பாடுங்க, சத்தம் கூட்டுற பட்டனை அது கையிலயே குடுத்துப் பாருங்க, பயம் குறையும்.

இன்னொரு பக்கம், ஆறு மாசம் தாண்டியும் சத்தம் வர்ற பக்கம் திரும்பல, பின்னாடி நின்னு பாடுனா எந்த அசைவும் இல்லன்னா காது டெஸ்ட் எடுத்துடுங்க, தள்ளிப்போட வேணாம். காது கேக்காத குழந்தையும் தாளத்தை ரசிக்கும், மரத்தரையிலயோ உங்க நெஞ்சுலயோ கை வெச்சா அதிர்வு தெரியும்.

ஒரே பாட்டை திரும்பத் திரும்ப கேக்கும். சலிக்கும், தெரியும். ஆனா அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சிருந்து அது அப்படியே வர்றதுதான் அதுக்கு கிடைக்குற குஷி, அந்த பாட்டு முழுசா அதோட சொத்தாகுற வரைக்கும் விடாது. நடுவுல ஒரு வார்த்தையை மட்டும் வேணும்னே தப்பா பாடிப் பாருங்க, "இல்ல!"ன்னு கத்தும், அதுவும் ஒரு விளையாட்டுதான்.

மூளை வளரும்னு விக்கிற இசைத்தட்டு, ஆப் எதுவும் வேணாம். அந்த கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா 1993ல கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொஸார்ட் இசையை 10 நிமிஷம் கேட்டுட்டு ஒரு வகை டெஸ்ட்ல கொஞ்சம் நல்லா பண்ணாங்க, அதுவும் கால் மணி நேரத்துல போயிடுச்சு. அதுல ஒரு குழந்தைகூட கிடையாது. அதை வெச்சு அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர் 1998ல பிறந்த குழந்தைங்களுக்கெல்லாம் இசைத்தட்டு குடுக்க பணம் கேட்ட அளவுக்கு போச்சு. இசையை மார்க்குக்காக குடுக்க வேணாங்க, சந்தோஷத்துக்காக குடுங்க, அதுவே நிறைய.

அப்புறம் இந்த பாடிக் காட்டு, ஆடிக் காட்டு. வீட்டுக்கு யாராவது வந்தா உடனே "கண்ணு, அந்த பாட்டை பாடிக் காட்டுடா"ன்னு ஆரம்பிச்சிடுவோம், அது அம்மா பின்னாடி ஒளியும், "நேத்து நல்லா பாடுச்சே, இப்ப பாரு"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுவோம். தயவுசெஞ்சு வேணாம். நேத்து வரைக்கும் உங்களோட பகிர்ந்துக்கிட்ட ஒண்ணு இன்னைக்கு பரீட்சையா மாறிடுச்சுன்னா அது பாடுறதையே குறைச்சிடும். நீங்க பாடுங்க, வந்தவங்களையும் சேத்துக்கங்க, அதுக்கு தோணுனா வந்து சேரும். வீடியோவும் அப்படித்தான், போனை தூக்குனா ஆட்டம் நின்னு போனை பாக்க வந்துடும், ஒரு தடவை எடுத்துட்டு உள்ள வெச்சுட்டு நீங்க ஆடப்போங்க. முகத்தை திருப்புது, கொட்டாவி விடுது, முதுகை வளைக்குது, "நீ பாடாத"ன்னு வாயை பொத்துதுன்னா அன்னைக்கு போதும்.

கடைசியா எல்லாரும் கேக்குறது, எப்ப க்ளாஸ்ல சேக்குறதுன்னு. அஞ்சு வயசுக்குள்ள அவசரமே இல்ல. சேக்கணும்னு தோணுனா முதல்ல ஒரு நாள் உள்ள உக்காந்து பாருங்க, பெத்தவங்க குழந்தையோட சேர்ந்து பண்றாங்களா, ஓரமா நின்னு வேடிக்கை மட்டும் பாக்குற குழந்தையை தொந்தரவு பண்ணாம விடுறாங்களா, டீச்சர் குழந்தைங்க வேகத்துக்கு இறங்கி வர்றாங்களா. அங்க வாயே திறக்காத குழந்தை வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல முழு பாட்டையும் பாடும், அது கத்துக்கிட்டுதான் இருக்கு. பெத்தவங்க உள்ள வரக்கூடாது, மேடை நிகழ்ச்சிக்கு மூணு மாசத்துல ரெடி பண்ணிடுவோம்னு மூணு வயசு குழந்தைக்கு சொல்ற இடம்னா வேற இடம் பாருங்க, இல்லைனா இன்னும் ரெண்டு வருஷம் நீங்களே பாத்துக்கங்க.